இரவல் ஜீப்

மருமகன் இரவல் கேட்டு வந்தால் போதும், மாமனாரின் ஜீப் மூச்சே விடாது.

“நான் தரமாட்டேன்னா சொல்றேன் மாப்பிள்ளை? கிளம்பினா தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்று மாமனார் உச்சுக்கொட்டுவார்.

நாலாவது தடவை மருமகன் மெக்கானிக்கையே கூட்டிவந்தார். “இன்ஜின் கம்ப்யூட்டர் போயிடுச்சு மாமா. புதுசு மாட்டிடுவோம், செலவு என்னுது.”

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. ஓசியில் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி! அதற்கும் அதே ஒயர்தான் என்பதை மட்டும் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். மருமகன் தலை தெருமுனையில் தெரிந்ததும் அவர் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுகிற ஒயர் அது.

பெட்டி மாறியது. தொட்டதும் இன்ஜின் உறுமியது. “ஜீப்பை நாளைக்கு எடுத்துக்கறேன் மாமா” என்று கிளம்பிய மருமகனும் மெக்கானிக்கும் பைக்கில் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்த மாமனார், விசிலடித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினார்.

சத்தமே இல்லை. ஒயர் சரியாகத்தான் இருந்தது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய சாவி ஆகாது சார். புதுசா ரெண்டு சாவி பழக்கிக் கொடுத்தேன். ரெண்டையும் மாப்பிள்ளைதான் வாங்கிக்கிட்டார். இருங்க, போனை அவர்கிட்ட தர்றேன்.”

“நான் தரமாட்டேன்னா சொல்றேன் மாமா?” என்றார் மருமகன். “எங்க வெச்சேன்னுதான் தெரியல. கிடைச்சா தாராளமா எடுத்துட்டுப் போங்க.”