மாற்று ஆள்

உருப்படாமல் திரிந்த என்னைப் பட்டாளம்தான் ஆளாக்கியது. மாற்று ஆள் வராமல் காவலை விடக்கூடாது, அங்கே நான் கற்றது அவ்வளவுதான். இப்போதும் அதுதான் உதவுகிறது. கூடப் பணியாற்றிய அருளப்பன், பனிமலையில் மாற்று ஆள் வராமல் ஒருத்தன் நின்றபடியே உறைந்து செத்ததைப் பார்த்துப் புத்தி பேதலித்தவன். ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் காவல் நிற்பான். காலையில் நான் போய் மாற்றினால்தான் தூங்குவான். இல்லையென்றால் நின்றே செத்துப்போவான்.

நேற்று பஸ் கெட்டுப்போய்த் தாமதமாகி, உச்சிவெயிலில் ஓடினேன். வாசலில் யாருமில்லை. உள்ளே அருளப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க அனுப்பின ஆளு வந்து மாத்திவிட்டாருல்லா அண்ணே," என்றாள் அவன் மனைவி ரோசம்மா. "இந்த வெயில்ல கம்பளிக்கோட்டு! டீயும் வேண்டாம்னுட்டாரு."

நான் எவனையும் அனுப்பவில்லை. நம்பி அனுப்ப எவன் இருக்கிறான்? திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவன் முதுகு காட்டி நின்றான். தோளில் பனி கரையாமல் கிடந்தது.

"யாருலே நீ?"

அவன் திரும்பவில்லை. "என்னைய மாத்த வந்தியாண்ணே?" என்றான்.