காயாத பாலிஷ்

பூட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைக்கப் போன பிரீனா, அந்தக் காலை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டாள். காலையில் பாலிஷ் போட்டுக் காயவிட்டுப் போன மரத்தரையில் யாரோ நடந்திருந்தார்கள்.

செருப்பில்லாத கால். ஒவ்வொரு விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது.

சாவி அவள் கையில்தான் இருந்தது. வீட்டுக்குள் இருந்தது ஒரே ஒரு ஆள், மாமியார் நேசபாய். பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் கட்டிலோடு கிடப்பவர். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவும் பிரீனாதான் தலையைத் தூக்கிவிட வேண்டும்.

"மாமீ!" என்று வாசலில் நின்றே கூப்பிட்டாள். மறுபடியும் உரக்கக் கத்தினாள்.

அந்தத் தரையால் வந்த வினைதான் எல்லாம். ஊரே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்க, அவள் கணவன் அனிஷ் மட்டும் துபாயில் முதலாளியின் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து, ஹால் முழுக்கத் தேக்குப் பலகை போட்டான். பிரீனா அதையும் டைல்ஸ் மாதிரியே பினாயில் தண்ணீரை வாரி ஊற்றிக் கழுவ, பளபளப்பு போய்த் தரை வெளிறிவிட்டது.

"ஞாயிறாச்ச நான் வரும்ப, தரையில எனக்க மொகம் தெரியணும்" என்று போனில் உத்தரவு போட்டிருந்தான். அதனால்தான் இன்று துணியை ஒட்டப் பிழிந்து துடைத்து, நன்றாக உலரவிட்டு, மெல்லிசாகப் பாலிஷ் இழுத்தாள். காயும்வரை மிதிக்கக் கூடாது என்பதால், கடைசிப் பலகையை வாசற்படியில் உட்கார்ந்தே முடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்துக்குப் போனாள்.

போனது விசாவுக்குப் போட்டோ எடுக்க. "அம்மை எழும்பி நாலு எட்டு வச்சா போதும், ஒன்னையும் இஞ்ச கூட்டிட்டு வந்துருவேன்" என்று அனிஷ் சொல்லியிருந்தான். மாமியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

இப்போது வாசலில் பிரீனா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு பிரிஜா வெட்டுகத்தியோடு ஓடி வந்தாள். குனிந்து தடங்களைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, கள்ளன்தான். செவுத்தோட ஒட்டிப் போயிருக்கான் பாரு. பதுங்கிப் பதுங்கி நடந்திருக்கான்."

"எப்பிடிக் கேறினான்? பூட்டு அப்பிடியேல்லா கெடந்து!"

"அடுக்களக் கதவுக்குக் கொண்டி போட்டியா?"

போட்டேனா? தாழ்ப்பாள் போட்டதாகப் பிரீனாவுக்கு நினைவே வரவில்லை. மாமியின் அறைக்கு அந்தப் பக்கம்தான் அடுக்களை.

தடங்கள் மாமியின் அறை வாசலில் தொடங்கி, சுவரோரமாகவே தெரு ஜன்னல் வரை வந்திருந்தன. ஜன்னலடியில் ஒன்றின்மேல் ஒன்றாக நிறையத் தடங்கள். விரல்கள் எல்லாம் தெருவைப் பார்த்தே இருந்தன. அப்புறம் வந்த வழியே திரும்பி, மாமியின் அறைக்குள் போயிருந்தன.

"நீ வாறியான்னு நின்னு பாத்திருக்கான்" என்றாள் பிரிஜா, குரலைத் தாழ்த்தி. "ஒன்னக் கண்டதும் உள்ள போயிற்றான். இப்பவும் உள்ளதான் இருக்கான்."

மாமியின் கழுத்தில் கிடக்கும் சங்கிலி பிரீனாவின் கண்முன் வந்தது. அதை ஒருவன் பிடித்து இழுத்தால், தடுக்க ஒரு கையைத் தூக்கக்கூட மாமியால் முடியாதே.

"நீயும் கூட வா பிரிஜா."

"நீ போ மக்கா. நான் இஞ்ச நின்னு, ஓடி வாறவன வெட்டுகேன்" என்ற பிரிஜா, முற்றத்தில் இறங்கித் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெட்டுகத்தியும் அவளோடு போய்விட்டது.

தரை நாசமாய்ப் போகட்டும். பிரீனா கையிலிருந்த குடையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பாலிஷ் உள்ளங்காலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

அறைக் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. பீரோ மறைவிலும் இல்லை. அடுக்களைக் கதவை எட்டிப் பார்த்தாள். கொண்டி போட்டது போட்டபடியே இருந்தது. அப்படியானால் வந்தவன் இன்னும் வெளியே போகவில்லை.

மிச்சம் இருந்தது கட்டிலின் அடிப்பக்கம்தான்.

மாமி அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பிரீனாவின் இடது கையில் இருந்த போட்டோ கவரை விட்டு அவர் கண் நகரவில்லை.

"பயப்படாண்டாம் மாமி, நான் வந்தாச்சு" என்று அவர் காதோடு சொல்லிவிட்டு, பிரீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"அங்க பாக்காண்டாம் மக்ளே."

மாமி போர்வையைக் காலால் விலக்கினார். இரண்டு உள்ளங்கால்களிலும் பாலிஷ் மினுங்கியது.

பிரீனாவின் கையிலிருந்து குடை நழுவியது. அவள் வாயைத் திறப்பதற்குள் நேசபாய் எழுந்து உட்கார்ந்து, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அனிஷுக்கிட்ட சொல்லிராத மக்ளே... ஒன்னக் கூட்டிட்டுப் போயிருவான்."