தகட்டின் மேல் மண்

பந்து என் முகமூடியின் கம்பியில் வந்து அறைந்தது. அதற்குப் பிறகு, எதிரே பந்தை எறிகிற பிட்சர் எனக்கு இரண்டு பேராகத் தெரிந்தான்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி மூக்கைச் சொறிந்தார்கள்.

அடிப்பவனின் மட்டையில் உரசி நேரே பின்னால் வந்த பந்து. யார் மேலும் தப்பு இல்லை. பேஸ்பாலில் அம்பயர் வேலைக்கு வந்தவன் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் கீழே உட்காரக் கூடாது. எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது.

மூன்றாவது வரிசையில் லீக் ஆபீஸ் ஃபென்விக், தொப்பியை மடியில் வைத்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயதாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று பார்க்கத்தான் பென்சில்வேனியாவின் இந்த நிலக்கரி ஊருக்கு வந்திருந்தார். அதைச் சொல்லவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். சும்மா வருகிறவன் எவனும் இங்கே பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு வரமாட்டான்.

கடைசி இன்னிங்ஸ். ஆட்டம் சமம். இன்னும் ஒரு பந்து, அடிப்பவன் பக்கத்தில் தரையில் பதித்த தகட்டை விட்டு விலகிப் போனால் உள்ளூர் அணிக்கு வெற்றி ஓட்டம் இனாமாகக் கிடைத்துவிடும்.

இப்படி அம்பயருக்கு அடி பட்டால், அடிப்பவன் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர், விவரம் தெரிந்தவனாக இருந்தால், எழுந்து பிட்சரிடம் நடந்து போவான். உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வருவான். அம்பயருக்கு மூச்சு திரும்ப அது போதும். என் முன்னால் குந்தியிருந்த வெளியூர் அணியின் புது ஆளுக்கு அந்த விவரம் போதவில்லை. அடுத்த பந்துக்குக் கையுறையை நீட்டிவிட்டான்.

அப்போதுதான் எமில் டூடெக் ஓடி வந்தான்.

எமில் வெளியூர் அணியின் மேனேஜர். அதற்கு முன்னால் பாதி ஆயுளை என் முழங்காலுக்கு முன்னால் குந்தியே கழித்த கேட்சர். பெரிய லீக் அவனை ஒரு கோடையில் கூப்பிட்டது. காபி ஆறுவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டது. முட்டி இரண்டும் போனபின், இனி எதற்கும் ஆகமாட்டான் என்று மேனேஜர் ஆக்கினார்கள். இன்னமும் பெஞ்சில் உட்காரமாட்டான். அதன் முன்னால் குந்தித்தான் ஆட்டம் பார்ப்பான். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

அவனை நான் ஒருநாளும் நம்பியதில்லை. தகட்டை விட்டு விலகிப் போகிற பந்தைப் பிடித்து, நேரே வந்த பந்துபோல என்னை ஏமாற்ற, பிடித்த கையோடு நைசாக உள்ளே இழுத்து, ஒன்றும் தெரியாதவன்போல அப்படியே வைத்துக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போதும் இவன் கையை யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

ஓடி வந்தான் என்றேன். வாத்து ஓடுமே, அப்படி.

"யோவ் பெருசு! உன்னை எந்தக் குழியிலேருந்துய்யா தோண்டி எடுத்துட்டு வந்தாங்க?"

ஊர் பூராவும் எழுந்து நின்றது. "விடாதே பெருசு! அந்த வாத்தைத் தூக்கி வெளியே போடு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தீர்ப்பு எதுவும் சொல்லவே இல்லை. சண்டை போட அங்கே விஷயமே கிடையாது. ஏதோ திருட்டுத்தனம் பண்ணுகிறான் என்பது மட்டும் தெரிந்தது.

மூக்கோடு மூக்கு வைத்தான். புகையிலையும் வெங்காயமும் அடித்தது. என் கண்ணைக் குத்தப்போகிறவன்போலக் கையை ஆட்டினான்.

"எத்தனை விரல்?" என்றான், உதடு அசையாமல்.

"மூணு."

"ரெண்டுய்யா."

"உன் விரலை எவன்டா எண்ணுவான்? இஞ்சிக் கிழங்கு மாதிரி வெச்சிருக்கே."

ஓரடி பின்னால் போய், என் அம்மாவையும் என் கண் டாக்டரையும் சேர்த்துச் சத்தமாகத் திட்டினான். பிறகு குதிகாலால் மண்ணைக் கிளறி, தரையில் பதித்திருந்த அந்த வெள்ளைத் தகட்டின் மேல் தள்ளினான். அது போதாது என்று இன்னொரு தள்ளு. தகடு இருந்த இடமே தெரியவில்லை.

தகட்டில் மண் தள்ளினால் மேனேஜர் வெளியே போக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. கையை வீசி வாசலைக் காட்டினேன். கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. ஃபென்விக்கூடக் கடலையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

எமில் நொண்டிக்கொண்டே போனான்.

இடுப்புப் பையிலிருந்து சின்னத் துடைப்பத்தை எடுத்துக் குனிந்தேன். அம்பயர் தகட்டைத் துடைத்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். லீக் ஆபீஸும்தான்.

மெதுவாகத் துடைத்தேன்.

அந்தக் காலத்தில் எமிலுக்கு அடி பட்ட போதெல்லாம் நான் இப்படித்தான் குனிவேன். விரல் ஒடிந்தோ, தொண்டையில் வாங்கியோ, சொல்லக்கூடாத இடத்தில் வாங்கியோ தலையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பான். தகட்டில் ஒரு தூசு இருக்காது. அவனுக்கு மூச்சு வரும்வரை அதைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். அதைப் பற்றி நாங்கள் பேசியது கிடையாது. அவன் கவனித்திருப்பான் என்றே நான் நினைக்கவில்லை.

முதலில் இரண்டு தகடுகள் தெரிந்தன. இரண்டையும் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றாயிற்று.

நிமிர்ந்தேன். பிட்சரும் ஒருவன்தான்.

எமில் உடை மாற்றும் அறைக்குள் போகவில்லை. வெளியேற்றப்பட்ட மேனேஜர் எவன் போயிருக்கிறான்? கதவிடுக்கில் பாதி மூஞ்சி தெரிந்தது.

பந்து வந்தது. தகட்டை விட்டு ஒரு விரல் அகலம் விலகி வந்தது. புது ஆள் அதைப் பிடித்த கையோடு நைசாக உள்ளே இழுத்து, ஒன்றும் தெரியாதவன்போல அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவே வேண்டாம்.

"பந்து வெளியே!" என்றேன்.

உள்ளூர் ஜெயித்தது. ஃபென்விக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவுக்குப் பின்னால் ஒரு வாளி உருண்டது. எமில் என் அம்மாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

இந்தத் தடவை நிஜமாகவே.