கரிக்கோடு

குருவிநத்தத்துப் பம்புசெட்டுத் தொட்டி ஒழுகுகிறது, இடித்துவிடலாம் என்றான் கொழுந்தன் வீராசாமி. அது செங்கமலத்தின் புருஷன் தன் கையால் கட்டிய தொட்டி. அவர் போன பிறகு சாயங்காலமானால் அதன் விளிம்பில்தான் அவள் போய் உட்காருவாள். வேறு போக்கிடம் இல்லை.

“சோதிச்சுப் பாத்துட்டு இடிங்க” என்றாள்.

கொத்தனார் நடேசன் தொட்டியை நிரப்பினார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தில் கரிக்கோடு போட்டார்.

“வெயில் ரெண்டுலயும் ஒரே அளவுதான் குடிக்கும்க்கா. தொட்டியில கூடக் கொறஞ்சா ஒழுவுதுன்னு அர்த்தம். ரெண்டு நாள் கழிச்சு வரேன்.”

சொன்னபடி இரண்டு நாள் கழித்துக் காலையிலேயே வந்தவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“வாளியில ஒரு வெரல் கொறஞ்சிருக்கு. தொட்டி கோட்டுலயே நிக்குது.”

“அப்ப ஒழுவலதானப்பா?”

“இன்னாக்கா, சித்திர வெயில்கூட இதத் தொடலியா?”

செங்கமலம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். விடியுமுன் கிணற்றிலிருந்து தொட்டிக்கு இருபது குடம் சுமந்த தோள் விண்ணென்று தெறித்தது. புடவை இன்னும் காயவில்லை.

நடேசன் அவள் காலடியில் கிடந்த குடத்தை எடுத்துத் தொட்டிக்குள் அமிழ்த்தினார்.

“உங்க கொழுந்தனார் வர்றதுக்குள்ள வாளி மாரியே இதுலயும் ஒரு வெரல் எறச்சுடலாம். வூட்டுல இன்னொரு கொடம் இருந்தா எடுத்தாங்கக்கா.”