மருந்து மூடியில் சூப்பு

மனவுறுதி பற்றி மேடைதோறும் முழங்குகிற பேச்சாளர், உடம்பு இளைப்பதற்காக வயிற்றில் முக்கால்வாசியை ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்துவிட்டு ரகசியமாக வீடு வந்து சேர்ந்தார். அறுவை சிகிச்சைக்கு முன்பு டாக்டர் குடிக்கச் சொன்ன வெறும் சூப்பையே ‘புலனடக்கம்’ என்று வீடியோ போட்டவர் அவர். நடந்தே இளைத்ததாக ஊருக்குச் சொல்லத் திட்டம்.

ஒரு மாதத்தில் சட்டை தொளதொளத்தது. ஹாலில் உட்கார்ந்து, மிஞ்சிய வயிற்றுக்கு அளவாக மருந்து பாட்டில் மூடியில் சூப்பை உறிஞ்சும்போது, படுக்கையறையில் யாரோ சப்புக்கொட்டிச் சாப்பிடும் சத்தம் கேட்டது.

“யாருடி உள்ளே?”

“நீங்கதான்,” என்றாள் மனைவி, தட்டோடு உள்ளே போனபடி. “இன்னும் கொஞ்சம் கேக்கறீங்க.”

எட்டிப் பார்த்தார். பழைய தொப்பையோடு அவரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“அவனைத் துரத்து! ஜனங்க பார்த்தா என் பேரு என்னாகும்?”

அதற்குள் வாசல் மணி அடித்தது. கூட்டத்துக்கு அழைக்க வந்தவர்கள் நேராக உள்ளே போய்க் கட்டில்காரரின் கையைக் குலுக்கினார்கள்.

“பாதியா இளைச்சுட்டீங்களே சார்!”

“எல்லாம் மனவுறுதிதான்,” என்றார் அவர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

திரும்பும்போது ஒருவர் ஹாலில் இருந்தவரைப் பார்த்து, “இவரு யாரும்மா?” என்று கேட்டார்.

“என் பெரியம்மா பையன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்திருக்காரு,” என்றாள் மனைவி. பிறகு குனிந்து, மூடியை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“மெதுவா குடிங்கண்ணே.”