பொட்டு வைத்த சர்வர்

"இன்னாம்மா அக்கிரமம் இது! பொட்டு வெச்ச மெஷின்ல கை வெக்கிறே?"

கன்னியப்பனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வல்லம் வடகால் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர் அவர். ஆயுத பூஜை என்றால் அங்கே எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் அவர் கையால்தான். சர்வரையும் விட்டுவைக்கவில்லை. பூஜை போட்டதை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இந்த சசிரேகாவோ, கற்பூரம் அணைவதற்குள் கீபோர்டைத் தட்ட உட்கார்ந்துவிட்டாள்.

"லைன் நின்னாத்தாண்ணா சர்வரை நிறுத்த முடியும். இன்னிக்கு விட்டா அடுத்த ஆயுத பூஜைதான்."

"அப்படி இன்னா தலை போற வேலை?"

"கேட்ல கார்டு தேய்ச்சா, காண்ட்ராக்ட் ஆளுங்க பேருக்கு பதிலா வெறும் கேள்விக்குறியா வருதே, அதான்."

"பெர்மனென்ட் ஆளுங்க பேர் நல்லாத்தானே வருது?"

"அவங்க டேட்டாபேஸ் யூனிகோட்ங்கிற புது எழுத்துமுறை. காண்ட்ராக்ட் ஆளுங்களது இன்னும் பழைய எழுத்துமுறை. சர்வர் முழுக்க ஒரே முறைக்குக் கொண்டு வரணும். ஒரு மூலையை விட்டாலும் மறுபடி கேள்விக்குறிதான்."

"நாலு மாசத்துல போற ஆளுங்களுக்காக சாமி குத்தமா?"

"காண்ட்ராக்ட்ல இருக்கிற பாஞ்சாலியை செக்யூரிட்டி 'ஏ கேள்விக்குறி'ன்னு கூப்பிடறான். உங்களைக் கூப்பிட்டா சும்மா இருப்பீங்களாண்ணா?"

கன்னியப்பன் வெடுக்கென்று வெளியேறினார்.

"ப்ரமோஷனுக்கு அடி போடுது அந்தப் பொண்ணு. ஏசி ரூம்ல குந்திகினு கீறவளுக்கு சாமியாவது பூதமாவது!" என்று எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் பொருமித் தீர்த்தார்.

சாயங்காலம், பொரிப் பொட்டலமும் கையுமாகக் கேட்டில் கூட்டம். பாஞ்சாலி கார்டைத் தேய்த்தாள்.

'பாஞ்சாலி' என்று திரையில் பளிச்சென்று வந்தது.

நம்பாமல் இன்னொரு தரம் தேய்த்தாள். மறுபடியும் பாஞ்சாலிதான். பின்னால் நின்றவர்களின் பேர்களும் வரிசையாக வர, ஒரே விசில். செக்யூரிட்டிகூட, "போய்ட்டு வாம்மா பாஞ்சாலி" என்றான்.

பார்த்துக்கொண்டிருந்த கன்னியப்பனுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியாகப் தோளில் பையோடு வந்த சசிரேகாவை வழிமறித்தார்.

"போனாப் போவுது, சாமி உன்னை மன்னிச்சிடும். எங்கே, தேயி. உன் பேரையும் பாத்துடலாம்."

"என் பேர் வராதுண்ணா" என்று சிரித்தாள் அவள். "நானும் காண்ட்ராக்ட்தான். இன்னியோட முடியுது. காலையிலேயே என் பேரை எடுத்துட்டாங்க."