விடாத விரல்கள்

முற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. பெட்டியின் மோட்டார் ஓயாமல் உறுமுகிறது. மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, அந்தோணிமேரி தன் அண்ணனின் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றப் பார்க்கிறாள். தனியாக இருந்த மனிதர். விடியற்காலையில் உயிர் போனதை இந்த ஆவூரில் பக்கத்து வீட்டார் பார்ப்பதற்குள் உடல் விறைத்துவிட்டது. வலக்கை விலாவோரம் வளைந்தபடியே நிற்கிறது. "வெந்நி தொட்டு நீவுனா எளகிரும்." "வேணாம் அத்தை, விடுங்க," என்கிறாள் திருச்சியிலிருந்து இப்போதுதான் வந்திறங்கிய ஒரே மகள் ஜெயசீலி. கல்லூரியில் போன வாரம் அவள் நடத்திய பாடம்தான். மூச்சு நின்றதும் தசைக்குள் கால்சியம் கசிகிறது. அதை வாங்கிக்கொண்ட புரதம் வழிவிட, இழுக்கும் இன்னொரு புரதம் பக்கத்து இழையை எட்டிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை விடுவதற்கும் ஆற்றல் வேண்டும், அது தீர்ந்துபோயிருக்கும். கரும்பலகையில் அவள் வரைந்த படத்தில் எல்லாம் அம்புக்குறிகளாக இருந்தன. இங்கே அப்பாவின் நகக்கண்ணில் கொஞ்சம் மண் இருக்கிறது. மடங்கி நிற்கும் அந்த விரல்களின் வளைவுக்குள் தன் விரல்களை நுழைக்கிறாள். அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. "பாத்தியா ஆத்தா, ஒனக்காகத்தான் காத்துக்கெடந்திருக்கு. புடிச்ச கைய விடமாட்டேங்குது பாரு!" அத்தை ஓங்கி அழ, வாசலில் இருந்த பெண்களின் குரலும் சேர்ந்துகொள்கிறது. அது அப்பாவின் பிடி இல்லை என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விரல்களை உருவாமல் நிற்கிறாள்.